கைத்துப்பாக்கிப் போட்டியில் ரேஞ்ச் ஆபீசர் ஆவது: சிங்கப்பூரில் தொடங்குவோருக்கு

போட்டியாளர் சுடத் தொடங்கியதும் பின்னால் நிற்கும் எல்லாருடைய கண்ணும் இலக்குக்கு ஓடும். எஃகுத் தட்டு விழுந்ததா, அட்டையில் ஓட்டை எங்கே என்று பார்ப்பது மனித இயல்பு. அந்த இடத்தில் ஒரே ஒருவர் மட்டும் இலக்கைப் பார்க்கக் கூடாது. டைமரைக் கையில் பிடித்து, கட்டளையிட்டு, பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர்தான் அவர். அவருடைய கண் துப்பாக்கியையும், விசைக்குப் பக்கத்தில் இருக்கும் விரலையும் விட்டு நகரக் கூடாது. விதிகளை ஒரு மாதத்தில் படித்துவிடலாம். இந்தப் பார்வை பழக அதைவிட நாளாகும். பயிற்சியின் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது.

பெயர் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். 1976-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் தொடங்கிய ஐபிஎஸ்சி அமைப்பு 'ரேஞ்ச் ஆபீசர்' என்கிறது. 1996-ல் வந்த ஐடிபிஏ அமைப்பு 'சேஃப்டி ஆபீசர்' என்கிறது. ஒலிம்பிக் வகைச் சுடுதலை நடத்தும் ஐஎஸ்எஸ்எஃப் அமைப்பிலும் ரேஞ்ச் ஆபீசர் உண்டு, வேலை சற்று வேறு. கீழே வருபவை பெரும்பாலும் ஐபிஎஸ்சி வகைக்கானவை. ஓடிக்கொண்டே சுடும் ஆட்டம் என்பதால் அதிகாரிக்கு வேலை அதிகம் அங்கேதான். 10 மீட்டர், 25 மீட்டர் போட்டிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது: இங்கே விளையாட்டுத் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருப்பதில்லை. சுடும் இடமான ரேஞ்சின் ஆயுதக் கிடங்கில் இருக்கும். கையெழுத்திட்டு எடுத்து, கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டும். 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒரு புதிய சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆகவே பயிற்சி முழுவதும் உரிமம் பெற்ற சங்கத்தின் வழியாகத்தான் நடக்கும். தனியாக யாரும் கற்றுத்தர முடியாது.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இரண்டு. வீட்டில் பழக ஒரு பிளாஸ்டிக் மாதிரித் துப்பாக்கியை இணையத்தில் வாங்கலாம் என்று நினைப்பது முதலாவது. உண்மையானதுபோல் தோன்றும் மாதிரிக்கும் இங்கே கட்டுப்பாடு உண்டு. கட்டளைகளைப் பழக நண்பர் கையில் டிவி ரிமோட் இருந்தால் போதும். இரண்டாவது, பைக்குள் தங்கிவிடும் தோட்டா. ஒரே ஒரு தோட்டா மேகசின் (தோட்டாக் கூடு) பையின் அடியில் ஒளிந்துகொண்டு வீடு வரை வந்துவிட்டால் அது சிறு மறதியாகக் கருதப்படாது. சுட்ட தோட்டாவின் வெற்று உறையும் அப்படியே: சூடாகப் பறந்து சட்டைப்பைக்குள்ளோ கால்சட்டை மடிப்புக்குள்ளோ விழுந்து ஒட்டிக்கொள்ளும். பத்தாயாவிலோ மலேசியாவிலோ போட்டிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், விமான நிலையத்துக்கோ உட்லண்ட்ஸுக்கோ கிளம்பும் முன்பே எல்லாப் பையையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் நீங்களே சுட வேண்டும்

ஒரு போட்டியிலும் சுடாதவர் நல்ல அதிகாரியாவது கடினம். போட்டியாளருடைய கை அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் உங்கள் கால் சரியான இடத்துக்குப் போகும். ஐந்தாறு சங்கப் போட்டிகளிலாவது சுடுங்கள். ஒவ்வொன்றிலும் அட்டை இலக்கின் ஓட்டைகளைத் தாளால் ஒட்டுங்கள், மதிப்பெண் பதியுங்கள். தேசிய சேவையில் ரேஞ்சுக்குப் போன அனுபவம் இருப்பவர்களுக்கு ஒழுங்கும் கட்டளைக்குக் கீழ்ப்படியும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கும், அது பெரிய உதவி. ஆனால் அங்கே சுடுபவர் தன் தடத்திலேயே கிடப்பார். இங்கே அவர் பத்து மீட்டர் ஓடி, கதவைத் திறந்து, நடுவில் மேகசின் மாற்றுவார். நீங்களும் கூடவே ஓட வேண்டும்.

ஐபிஎஸ்சி விதிநூலைப் படிக்கும்போது 8-ஆம் அத்தியாயத்தையும் 10-ஆம் அத்தியாயத்தையும் முதலில் எடுங்கள். கட்டளைகள் 8-ல், தண்டனைகள் 10-ல். இந்த இரண்டும் வரி வரியாக நினைவில் நிற்க வேண்டும். மற்றவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் போதும், புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டளைகள்: ஒரு சொல்லும் மாறக் கூடாது

ஒரே அணியில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இருப்பார்கள். கட்டளை ஆங்கிலத்தில், விதிநூலில் உள்ளபடியே வர வேண்டும். நடுவில் "ரெடியா?", "ஓகேவா?" என்று சேர்ப்பது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் போட்டியாளர் காத்திருக்கும் சொல் வராவிட்டால் அவர் ஊகிக்கத் தொடங்குவார். கையில் நிரப்பிய துப்பாக்கியோடு நிற்பவர் ஊகிக்கும் நிலைக்குப் போகக் கூடாது.

"லோட் அண்ட் மேக் ரெடி." இதைச் சொல்வதற்கு முன்னால்தான் பெரிய வேலை. இலக்குப் பக்கம் போனவர்கள் எத்தனை, திரும்பியவர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒருவர் குனிந்து அட்டை ஒட்டிக்கொண்டிருப்பது எல்லா ரேஞ்சிலும் நடக்கிறது. நான்கு பேர் போனால் நான்கு பேர் வர வேண்டும், சத்தமாகவே எண்ணலாம். போட்டியாளரின் கண்ணாடி, காதுக் கவசம் இரண்டையும் பாருங்கள். தொப்பி தள்ளிக் காதுக் கவசம் தூக்கிக்கொண்டிருந்தால் சரிசெய்த பிறகே கட்டளை. துப்பாக்கி வெறுமையாகத் தொடங்கும் ஸ்டேஜ் (போட்டியின் ஒரு சுற்றுக்கான களம்) என்றால் "மேக் ரெடி" மட்டும்.

"ஆர் யூ ரெடி?" பதில் வராவிட்டால் தயார் என்று பொருள். தயாரில்லை என்றால் அவர்தான் "நாட் ரெடி" என்று சொல்ல வேண்டும். தலையாட்டலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

"ஸ்டாண்ட் பை." இதன் பிறகு 1 முதல் 4 விநாடிக்குள் பீப் ஒலிக்க வேண்டும். டைமரைத் தற்செயல் தாமதத்தில் வையுங்கள். எப்போதும் இரண்டு விநாடியில் அழுத்துகிறவரின் தாளத்தை அணியில் ஐந்தாவது ஆள் பிடித்துவிடுவார், பீப்புக்கு முன்பே கை நகரும்.

"இஃப் யூ ஆர் ஃபினிஷ்ட், அன்லோட் அண்ட் ஷோ கிளியர்." அவசரப்பட்டு இதைச் சொல்வதுதான் புதிய அதிகாரிகளின் முதல் தவறு. கடைசித் தட்டு விழவில்லை என்று கவனித்து அவர் மீண்டும் குறி பார்த்துக்கொண்டிருக்கலாம். துப்பாக்கி தணிந்த பிறகு சொல்லுங்கள். மேகசின் வெளியே வந்ததா என்று முதலில் பாருங்கள், பிறகு சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை. மேகசினை எடுக்காமல் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், இன்னொன்று உள்ளே ஏறும். விழுந்த தோட்டாவைப் பார்த்து "காலி" என்று மனம் ஏமாந்துவிடும். நிழலான ரேஞ்சில் சேம்பர் கறுப்பாகத்தான் தெரியும், சட்டைப்பையில் ஒரு சிறு டார்ச் இருக்கட்டும். ஸ்லைடை இழுக்கும்போது உள்ளங்கையால் வெளியேற்றும் துளையை மூடுகிறாரா என்றும் கவனியுங்கள். வெளியே வரும் தோட்டாவின் பிரைமர் (அடியில் உள்ள பற்றவைக்கும் பகுதி) எஜெக்டரில் (தோட்டாவை வெளியே தள்ளும் முனை) மோதி, கைக்குள்ளேயே வெடிக்க வாய்ப்புண்டு. அந்தத் தோட்டாவைப் பிடிக்க முயலாமல் தரையில் விழ விடுவதே நல்லது.

"இஃப் கிளியர், ஹேமர் டவுன், ஹோல்ஸ்டர்." உங்கள் கண்ணால் சேம்பரைப் பார்க்காமல் இந்தச் சொல் வாயில் வரக் கூடாது. அவர் இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேட்டை நோக்கி விசையை அழுத்தி, துப்பாக்கியை இடுப்பு உறையில் போடுவார். அழுத்தும்போது வெடித்தால் போட்டியிலிருந்து நீக்கம்தான். ஆனால் சேம்பரைப் பார்க்கத் தவறியவர் அவர் மட்டும் அல்ல.

"ரேஞ்ச் இஸ் கிளியர்." துப்பாக்கி உறையில் நின்ற பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி. அதுவரை யாரும் முன்னால் நகரக் கூடாது.

வீட்டில் இந்த ஆறு கட்டளைகளையும் நாளுக்கு இருபது முறை, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். காதுக் கவசம் போட்டவருக்குக் கேட்க வேண்டியது உயிரெழுத்துகள். வாயைத் திறந்து மெதுவாகச் சொன்னால் கத்தாமலேயே கேட்கும்.

நிற்கும் இடம்

போட்டியாளர் வலக்கைக்காரர் என்றால் அவருக்கு வலப்பக்கம், அரை அடி பின்னால், கையை நீட்டினால் அவர் முழங்கையைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். இடக்கைக்காரர் வந்தால் பக்கம் மாறும். டைமர் துப்பாக்கியின் வெடிச்சத்தத்தை எடுக்கும் அளவு அருகில் இருக்க வேண்டும், ஆனால் அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டக் கூடாது. அடுத்த தடுப்புப் பகுதியில் ('பே') சுடும் சத்தமும் டைமரில் ஏறிவிடும். கடைசி வெடி எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த எண்ணைப் பிடிக்க முடியும்.

துப்பாக்கி முனை 90 பாகைக்கு அப்பால் பின்னோக்கித் திரும்பக் கூடாது என்பது அடிப்படை விதி. உங்கள் பகுதியின் பின்மேட்டை (பின்னால் உள்ள மண்மேடு) நேராகப் பார்த்து நின்றால் இரு தோள்களையும் இணைக்கும் கோடுதான் எல்லை. இதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எங்கே உடைகிறது என்று தெரிந்திருப்பதுதான் அதிகாரியின் அறிவு. வலக்கைக்காரர் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது உடைகிறது. உடல் இடப்பக்கம் திரும்பியிருக்கும். மேகசின் ஏற்றும்போது துப்பாக்கி இயல்பாகவே உடலுக்கு இடப்புறமாகச் சாயும். அந்தச் சாய்வுதான் பார்வையாளர்கள் இருக்கும் திசை. வலக்கைக்காரர் வலப்பக்கம் ஓடினால் அதே சாய்வு இலக்குப் பக்கம் போகும், ஆபத்து குறைவு. ஸ்டேஜ் விளக்கத்தைப் படிக்கும்போதே இடப்பக்க ஓட்டம் எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு அங்கே நெருங்கி நில்லுங்கள்.

அடுத்து, துப்பாக்கி சிக்கிக்கொள்ளும் நேரம். ஸ்லைடை மேலிருந்து பிடித்து இழுக்கும்போது முனை இடப்பக்கம் ஆடும், பதற்றத்தில் விரல் விசைக்குள்ளேயே கிடக்கும். கதவு திறப்பது, தாழ்வான சன்னலுக்குக் குனிவது, முதுகைத் திருப்பி நின்று தொடங்குவது ஆகியவையும் இப்படிப்பட்ட இடங்களே. உறையிலிருந்து உருவும்போதும் திரும்பப் போடும்போதும் முனை காலடியிலிருந்து 1 மீட்டர் வட்டத்தைத் தாண்டிப் பின்னோக்கிப் போகக் கூடாது.

இந்தப் பார்வையைப் பழக ஒரு வழி: அனுபவமுள்ள ஒருவரைச் சுடாமல், ரேஞ்சின் பயிற்சித் துப்பாக்கியோடு ஸ்டேஜை ஓடச் சொல்லுங்கள். வேண்டுமென்றே பத்துத் தவறு அவர் செய்ய வேண்டும், எங்கே என்று உங்களிடம் சொல்லக் கூடாது. எட்டுக்குக் குறைவாகப் பிடித்தால் நீங்கள் இலக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள்.

"ஸ்டாப்" சொல்வது

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சுடுபவர் அறுபது வயதைத் தாண்டியவர், சங்கத்தில் முப்பது வருடம் இருப்பவர், நாம் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவர். அவர் முனை கோட்டைத் தாண்டும்போது இருபத்தைந்து வயது அதிகாரியின் வாயில் "அண்ணே, கொஞ்சம்..." என்றுதான் வரும். அந்த அரை விநாடியில் இன்னொரு வெடி போய்விடும். கட்டளைக்கு மரியாதைச் சொல் கிடையாது. "ஸ்டாப்" ஒரே சொல், முழுக் குரலில். துப்பாக்கி காலியாகி உறைக்குப் போன பிறகு "அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க" என்று தனியாக அழைத்துப் பேசலாம், அணிக்கு முன்னால் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

சந்தேகத்தில் நிறுத்தியது தவறு என்று பிறகு தெரிந்தால் மறுபடி சுட வாய்ப்புத் தரலாம், இழப்பு சில நிமிடங்கள். ஸ்குவிப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெடிமருந்து போதாத தோட்டா 'டப்' என்று மெல்லிய சத்தம் போடும், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும், அடுத்த தோட்டா சுட்டால் குழல் பிளக்கலாம். சத்தம் வேறுபட்டால் உடனே நிறுத்துங்கள். குழலில் குண்டு சிக்கியிருந்தால் அதுவரை சுட்டதுதான் மதிப்பெண், மறுபடி சுட முடியாது. குழல் சுத்தமாக இருந்தால் மறுபடி சுடுவார். சிக்கிய குண்டைத் தள்ளப் பித்தளைக் கம்பி ஒன்று ஸ்டேஜ் பெட்டியில் எப்போதும் இருக்க வேண்டும்.

நீக்கம் என்பது வேறு தரம். அதற்கு "நினைக்கிறேன்" போதாது, "பார்த்தேன்" வேண்டும். போட்டியாளரிடமிருந்து 3 மீட்டருக்குள் தரையில் பட்ட குண்டு (அதைவிட அருகில் உள்ள அட்டையைச் சுடும்போது தவிர), பின்மேட்டைத் தாண்டிய குண்டு, மேகசின் மாற்றும்போது வெடித்தது, சிக்கலை நீக்கும்போது வெடித்தது, ஓட்டத்தின் நடுவில் துப்பாக்கி கீழே விழுந்தது: இவை நீக்கத்துக்குரியவை. நடந்தவுடன் எந்த இடம், முனை எந்தத் திசை, வேறு யார் பார்த்தார்கள் என்று எழுதி, போட்டியின் தலைமை அதிகாரியான ரேஞ்ச் மாஸ்டரிடம் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து எழுதினால் நினைவு நமக்குச் சாதகமாகவே வளையும்.

புதியவர்கள் அதிகம் தவறும் விதி ஒன்று உண்டு. சுடும் நேரத்துக்கு வெளியே, பையிலிருந்து வெறும் துப்பாக்கி கீழே விழுந்தால் விழுந்ததற்குத் தண்டனை இல்லை. ஆனால் அதை அவரே குனிந்து எடுத்தால் நீக்கம். அதிகாரி எடுத்து, சோதித்து, உறையிலோ பையிலோ வைக்க வேண்டும். துப்பாக்கியைக் கையாள ஒதுக்கிய சேஃப்டி ஏரியாவிலும் கவனம் வேண்டும்: துப்பாக்கியை அங்கே தொடலாம், தோட்டாவைத் தொடக் கூடாது, போலித் தோட்டாவும் வெற்று உறையும்கூடக் கூடாது. இந்த இரண்டையும் காலையில் அணி கூடும்போதே வாய்விட்டுச் சொன்னால், பாவம், தெரியாமல் ஒருவர் வீட்டுக்குப் போக நேராது.

காலைச் சோதனையும் வானமும்

ஸ்டேஜைத் திறக்கும் முன் ஒவ்வொரு சுடும் இடத்திலும் நின்று, குள்ளமானவர் உயரத்திலும் நெட்டையானவர் உயரத்திலும் இலக்கு வழியாகப் பின்மேட்டைப் பாருங்கள். எந்த உயரத்திலிருந்தும் குண்டு மண்ணில்தான் முடிய வேண்டும். எஃகுத் தட்டுக்கும் சுடுபவருக்கும் இடையே குறைந்தது 7 மீட்டர் இருக்க வேண்டும். அந்த எல்லையைப் போட்டியாளர் தாண்டாதபடி எல்லைக் கட்டையை ஆணியடித்து நிறுத்துங்கள். தட்டின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஈயச் சிதறல் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும்.

இங்கே மழை முன்னறிவிப்போடு வருவதில்லை. சுமத்திரா புயற்காற்று விடியலில் வரும், பிற்பகல் இடி வேறு. மின்னல் எச்சரிக்கை வந்தால் வரிசை முக்கியம்: முதலில் சுடுபவரை நிறுத்தித் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட வைக்க வேண்டும், பிறகுதான் எல்லாரும் கூரைக்குள். நனைந்த எல்லைக் கட்டை வழுக்கும். மீண்டும் தொடங்கும் முன் துடைத்து, நீங்களே ஒருமுறை ஓடிப் பாருங்கள். வெயிலில் பன்னிரண்டு பேரைத் தொடர்ந்து நடத்திய அதிகாரியின் கண் தளர்ந்துவிடும். ஓர் அணிக்கு ஒருமுறை டைமரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருக்க வேண்டியவை: டைமருக்கு மாற்று பேட்டரி, டூர்னிக்கே (இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை) உள்ள காயக் கட்டு, ஒட்டும் தாள், கூடுதல் காதடைப்பான் இரண்டு, ரேஞ்சின் முழு முகவரி எழுதிய அட்டை. 995-ஐ அழைப்பவர் யார், வாசலில் போய் ஆம்புலன்ஸை வழிகாட்டுபவர் யார் என்று காலையிலேயே பெயர் சொல்லி ஒதுக்குங்கள்.

வகுப்பும் தேர்வும்

ஐபிஎஸ்சி வகுப்பில் பாதி அறைக்குள், பாதி ரேஞ்சில். எழுத்துத் தேர்வு விதிநூலிலிருந்து வரும். தோற்பவர்கள் பெரும்பாலும் சூழ்நிலைக் கேள்விகளில் தோற்கிறார்கள்: விதி தெரியும், எந்த விதி முதலில் பொருந்தும் என்பது தெரியாது. நண்பரோடு உட்கார்ந்து "இப்படி நடந்தால் என்ன செய்வாய்" என்று மாறி மாறிக் கேட்டுப் படிப்பதுதான் இதற்கு மருந்து. செய்முறையில் தேர்வாளர் பார்ப்பது மூன்று: கட்டளை பிசகாமல் வருகிறதா, கண் துப்பாக்கியில் இருக்கிறதா, தவறு நடந்ததும் குரல் வந்ததா.

தேர்ச்சி பெற்ற பிறகும் முதல் சில போட்டிகளில் மூத்த அதிகாரி ஒருவருடைய நிழலில்தான் நில்லுங்கள். முதலில் மதிப்பெண் பதியும் வேலை, பிறகு நகர்வு குறைந்த ஸ்டேஜில் டைமர், அதன் பிறகே ஓட்டமுள்ள ஸ்டேஜ். இந்த வரிசையைத் தாண்டிப் போக ஆசைப்படுகிறவர்களை அதிகாரியாக்க அவசரப்பட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

10 மீட்டரும் 25 மீட்டரும்

2015 தென்கிழக்காசிய விளையாட்டுகளின் சுடும் போட்டிகள் ஈசூன் சாஃப்ராவில் நடந்தன. அந்த வகை உங்களை ஈர்த்தால், முதலில் தேசிய நடுவர் பயிற்சி, பிறகு ஐஎஸ்எஸ்எஃப் 'பி' உரிமம், அனுபவத்துக்குப் பின் 'ஏ' உரிமம் என்று பாதை போகும்.

இங்கே எல்லாரும் நின்ற இடத்தில் சுடுவதால் ஆபத்து வேறு வடிவில் வருகிறது: மேசையில் கிடக்கும் துப்பாக்கி. துப்பாக்கி காலி என்று காட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கொடி அதில் எப்போதும் செருகியிருக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியில் அது குழலின் முழு நீளத்துக்கும் போக வேண்டும். கொடியை எடுக்கச் சொல்லாமல் எடுக்கக் கூடாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தயாரிப்புக்கும் பழகு சுடுதலுக்கும் 15 நிமிடம், பிறகு மின்னணு இலக்கில் 60 குண்டுக்கு 75 நிமிடம். 25 மீட்டரின் வேகச் சுற்றில் ஐந்து தோட்டாதான் நிரப்பலாம். "அட்டென்ஷன்" என்றதும் சிவப்பு விளக்கு, கை 45 பாகைக்குக் கீழே, 7 விநாடியில் பச்சை. கை சீக்கிரமே எழுகிறதா என்று பார்க்கும் கண்ணும் துப்பாக்கியின் மேல்தான் இருக்க வேண்டும். துப்பாக்கி பழுதானால் போட்டியாளர் முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு மறுகையை உயர்த்துவார். நீங்கள் வரும் வரை அவர் எதையும் தொடக் கூடாது.

போட்டி முடிந்ததும் ஆயுதக் கிடங்கின் கணக்கு, தோட்டாக் கணக்கு இரண்டும் சரியான பிறகே வாசல் திறக்கட்டும். ஒவ்வொருவரும் பைகளைக் கவிழ்த்துத் தட்டட்டும். கையில் ஈயம் படிந்திருக்கும். குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொட வேண்டும்.